பதினேழாம் போத்தல் வந்த வழி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: அந்த ஆணியை வைத்தது நான்தான்.

இப்படித் தொடங்கினால் துப்பறியும் கதை என்று நினைத்து ஏமாந்துபோவீர்கள். இதில் கொலை இல்லை. இரண்டங்குல ஆணி ஒன்று, பொரித்த மீன் ஒரு பெட்டி, தென்துருவக் கடலில் அள்ளிய தண்ணீர் அரை லீற்றர். மூன்றும் ஒரே பையில் கொழும்பிலிருந்து புத்தூருக்கு வந்தன. அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பு எந்தெந்த உருவில் இருக்கிறது என்று அளப்பதற்காகத்தான் அது அவ்வளவு தூரம் வந்தது. பையைத் தூக்கிவந்தவன் நான்.

‘நான்’ என்று வைத்து ஏழு முறை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அந்த ‘நான்’ மூன்றாம் வரியிலேயே சாக்குச் சொல்லத் தொடங்கிவிடுகிறான். ஆகையால் அவனுக்குச் சோமசேகரம் என்று பெயர் வைத்து, கொஞ்சம் தள்ளி நிறுத்தி, அவனுடைய தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கப் போகிறேன். அவன் சாக்குச் சொன்னால் தலையில் குட்டலாம்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

‘1995ஆம் ஆண்டு மாசி மாதம். சண்டை நின்றிருந்த நாட்கள். கடைகளில் மறுபடி வாசச் சவர்க்காரம் வந்திருந்தது. கிளாலிக் கடலைப் பகலில் கடக்க முடிந்தது. யாழ்ப்பாணம் முழுவதும் ஏதோ

இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். ‘யாழ்ப்பாணம் முழுவதும்’ என்று தொடங்கிய எந்த வசனத்தையும் நான் இதுவரை ஒழுங்காக முடித்ததில்லை.

இரண்டாம் தொடக்கம் குணலட்சுமியின் கண்களைப் பற்றியது. அதை உங்களுக்குக் காட்டமாட்டேன்.

மூன்றாவது இது. சோமசேகரம் தொண்டைமானாற்றுக்காரன், முப்பத்தொரு வயது, தபாற்கந்தோரில் கிளாக்கர். குணலட்சுமி அவனுடைய தாய்மாமன் அருளம்பலத்தின் ஒரே மகள். புத்தூரில் வீடு, பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் உதவி விரிவுரையாளர். இருவருக்கும் சாதகம் பார்த்து, பொருத்தம் சரியென்று சொல்லி, ஆவணியில் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள். சோமசேகரத்துக்கு இதில் பூரண சம்மதம். குணலட்சுமிக்கும் சம்மதம்தான். ஆனால் அவளுக்கு இன்னொரு ஆசையும் இருந்தது.

உலகத்தின் தெற்குக் கோடியில் இருக்கும் ஓர் ஆய்வுகூடம் ஒரு பரீட்சை வைத்தது. பனிக்கடலில் ஒரே இடத்தில் அள்ளிய தண்ணீரை நாற்பது போத்தல்களில் பிரித்து, கேட்டு எழுதிய நாற்பது பேருக்கு அனுப்புவார்கள். அவரவர் அளந்து எண்ணை எழுதி அனுப்ப வேண்டும். நல்ல அளவு காட்டிய இளம் ஆராய்ச்சியாளர் ஒருவருக்குக் கார்த்திகையில் புறப்படும் கப்பலில் இடம் உண்டு. நாலு மாதம் பனிக்கடல், பிறகு மூன்று வருடம் அந்த ஆய்வுகூடத்திலேயே படிப்பு. குணலட்சுமி கேட்டு எழுதினாள். அவளுக்குப் பதினேழாம் போத்தல் கிடைத்தது.

பொதி கொழும்பில் வெள்ளவத்தை பாலேஸ்வரி மாமியின் விலாசத்துக்கு வந்து இறங்கியது. சோமசேகரம் கந்தோர் அலுவலாகக் கொழும்பு போகிறான் என்று கேள்விப்பட்டு, அதை எடுத்துவரும்படி அவள் எழுதினாள். அவள் அவனிடம் கேட்ட முதல் உதவி அது. சந்நிதி முருகனே வந்து கேட்டிருந்தாலும் அவ்வளவு சந்தோசப்பட்டிருக்க மாட்டான்.

3

அவள் எழுதிய கடிதம் இன்னும் என்னிடம்

[‘அவனிடம்’ என்று வரவேண்டும். பரவாயில்லை, விடுகிறேன்.]

இருக்கிறது. நாலு பக்கம். அதில் காதல் என்று சொல்லக்கூடியது ஒன்றுமில்லை, முழுவதும் இரும்பு. பனிக்கடலில் கரைந்திருக்கும் இரும்பு எவ்வளவு கொஞ்சம் என்பதை ஒரு தபாற்கந்தோர்க் கிளாக்கருக்கு விளங்கும்படி எழுதியிருந்தாள்: ‘எங்கள் தோட்டக் கிணறு நிறையத் தண்ணீர் இருக்கிறதென்று வையும். ஓர் ஆணியின் முனையைச் சுரண்டி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு துகளை அதற்குள் போட்டுக் கலக்கினால் எவ்வளவோ, அவ்வளவு.’

உதாரணத்துக்கு ஏன் ஆணியை எடுத்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்தத் துகளும் ஒரே உருவில் இருப்பதில்லையாம். இரண்டாம் நிலை இரும்பு என்று ஒன்று, கடல்நீரில் சில நிமிடமே தாக்குப்பிடிக்கும். மூன்றாம் நிலை இரும்பு என்று ஒன்று, அது துருவின் சாதி. மூன்றாவது, கடலில் வாழும் நுண்ணுயிர்கள் விட்ட ஏதோ பொருள் விடாப்பிடியாகப் பற்றி வைத்திருக்கும் இரும்பு. கடலின் கண்ணுக்குத் தெரியாத பயிர்கள் இரும்பைத் தின்றுதான் வளர்கின்றன. ஆனால் எல்லா உருவையும் அவற்றால் தின்ன முடியாது. ஆகவே எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் அளந்தால் போதாது, எப்படி இருக்கிறது என்றும் அளக்க வேண்டும்.

கடைசிப் பக்கத்தில் இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தாள்: ‘போத்தலுக்குப் பக்கத்தில் இரும்பு வரவே கூடாது.’ சோமசேகரம் அந்தக் கடிதத்தை மூன்று முறை வாசித்தான். இது முக்கியம். அவனுக்குத் தெரியாது என்று பிறகு ஒருவரும் சொல்லக்கூடாது.

4

ஆணி எப்படி வந்தது என்பதற்கு என்னிடம் மூன்று பிரதிகள் உண்டு.

முதல் பிரதியில் பாலேஸ்வரி மாமி வைத்தார். இரண்டு நாள் பயணத்துக்கு அறக்குளா மீனைப் பொரித்து, பனையோலைப் பெட்டியில் அடைத்து, பொழுதுபடப் புறப்படுகிறவன் பொரியலை வெறுமனே கொண்டுபோகக் கூடாது, பேய் பின்னால் வரும், கரியோ இரும்போ துணைக்கு வேண்டும் என்று, மேலே ஓர் ஆணியைப் போட்டுக் கட்டினார். நல்ல பாத்திரம். வாசகர்கள் அவரை மன்னித்துவிடுவார்கள். எனக்கும் சுகமாக இருந்தது.

இரண்டாம் பிரதியில் வவுனியாச் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் போத்தலைத் திறந்து முகர்ந்தார்.

இரண்டும் பொய். அந்தச் சிப்பாய் பதினேழு என்று ஒட்டியிருந்த போத்தலையும் அதோடு வந்த ஆங்கிலக் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பனிக்கடல் தண்ணீர் என்று விளங்கியதும், குளிர்ந்தவர்போலத் தோளைக் குலுக்கிக் காட்டிச் சிரித்து, திறக்காமலே தந்துவிட்டார். மாமிக்கோ பேயைவிட றெயிலுக்குப் பிந்துவதுதான் பயம்.

நடந்தது இதுதான். படியிறங்கப் போன சோமசேகரம் தானாகத் திரும்பிக் கேட்டான்:

“மாமி, கரித்துண்டு ஒண்டு இருக்கே?”

“காஸ் அடுப்பிலை கரிக்கு நான் எங்கை போறது தம்பி? ஏன், பொரியலுக்கோ?”

“ஓம்.”

“இந்தக் காலத்திலையும் உதெல்லாம் பாக்கிறியோ? நேரம் போச்சு, வெளிக்கிடு.”

அவன் சுவரைப் பார்த்தான். பழைய நாட்காட்டி தொங்கிய ஆணி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. பிடுங்கி மீன் பெட்டிக்குள் வைத்தான். பெட்டியைப் பைக்குள் வைத்தான். பைக்குள் ஏற்கெனவே பதினேழாம் போத்தல் இரண்டு பொலித்தீன் உறைக்குள் இருந்தது.

கிளாலியில் படகு ஏறும்போது பை நனைந்தது. கரைக்கு வந்ததும் அவன் ஒரு பொறுப்புள்ள மனிதனைப்போல எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பரப்பினான். துருப்பிடிக்கத் தொடங்கியிருந்த ஆணியை எடுத்து ஒரு பக்கம் வைத்தான். அதே கையால், போத்தலின் மூடி சரியாக இறுகியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஒரு சுற்றுக் கழற்றி, திரும்ப இறுக்கினான்.

[இறுகியிருக்கிறதா என்று பார்க்க ஒரு மூடியை ஏன் கழற்ற வேண்டும் என்று கேட்காதீர்கள். நீங்களும் செய்திருப்பீர்கள்.]

5

இந்தப் பகுதி எனக்குப் பிடித்தது. ஆகவே கொஞ்சம் நீளும்.

புத்தூர் மண் சிவப்பு. சிவப்பாக இருப்பதற்குக் காரணமே இரும்பு. அந்த மண்ணுக்கு நடுவில் இருந்துகொண்டு, இல்லையென்று சொல்லத்தக்க இரும்பை அளக்கப் போகிறேன் என்று ஒருத்தி வெளிக்கிட்டால் அவளுடைய துணிச்சலை நீங்கள் மெச்சத்தான் வேண்டும். பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் குழாய், தாங்கி, கதவுப் பிணைச்சல் எல்லாம் இரும்பு. ஆகவே குணலட்சுமி வீட்டின் நடு அறையைக் காலிசெய்து, நுளம்பு வலைக்குமேல் பொலித்தீன் போர்த்து ஒரு கூடாரம் கட்டினாள். கொண்டை ஊசியைக் கழற்றினாள். தலைக்கும் ஒரு பொலித்தீன் பை.

வெங்காயத் தோட்டத்திலிருந்து வந்த அருளம்பலம் வாசலில் நின்றார். முழங்கால்வரை செம்மண்.

“பிள்ளை, நான் உள்ளுக்கை வரலாமோ?”

“நீங்கள் வரலாம் அப்பா. காலை வெளியிலை விட்டிட்டு வாங்கோ.”

அவர் பத்து நாள் மாட்டுக்கொட்டிலில் இருந்து சாப்பிட்டார். மகள் கல்யாணம் கட்டிப் போனால் எப்படியிருக்கும் என்று இப்போதே பழகிக்கொள்கிறேன் என்று போவோர் வருவோருக்கெல்லாம் சொன்னார்.

அளக்கும் முறை எளிது. தண்ணீரில் ஒரு மருந்தை விட்டால் அது இரண்டாம் நிலை இரும்பை மட்டும் பிடித்து ஊதாவாகும். அந்த ஊதாவை ஒரு சிறு வடிகட்டியில் சேர்த்து, ஒளியை விட்டு, எவ்வளவு மறைக்கிறது என்று ஒரு கருவியில் பார்க்க வேண்டும். பிறகு இன்னொரு மருந்து விட்டால் மூன்றாம் நிலையும் இரண்டாம் நிலையாக மாறி ஊதாக் கொடுக்கும். கடைசியில் அமிலம் விட்டு வைத்தால், விடாப்பிடியாகப் பற்றி வைக்கப்பட்டதும் வெளியே வரும். மருந்துகள் போத்தலோடு வந்திருந்தன. கருவியைத் துறையில் இரவல் வாங்கினாள். மின்சாரம்தான் இல்லை, ஐந்து வருடமாக.

அதற்குத்தான் சோமசேகரமும் அவனுடைய சைக்கிளும். நாங்கள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டுப் பழகிய ஆட்கள். சைக்கிளை முற்றத்து மாமரத்தின் கீழ் ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயரை யன்னலால் விட்டார்கள். உள்ளே அவள், வெளியே அவன்.

“வேகம் கூடிப்போச்சு. ஒரே சீரா உழக்கும்.”

“ஒரே சீராத்தான் உழக்கிறன்.”

“இல்லை. என்னைப் பாக்கேக்கை உமக்கு வேகம் கூடுது. மரத்தைப் பாரும்.”

அவன் மரத்தைப் பார்த்து உழக்கினான். அவனுடைய வாழ்க்கையின் மிகச் சந்தோசமான பிற்பகல் அது என்று எழுதினால் மிகை என்பீர்கள். மிகை இல்லை.

6

தண்ணீரை மூன்று பங்காகப் பிரித்திருந்தாள். முதற் பங்கில் முதல் மருந்தை விட்டதும் ஊதா வந்தது, கண்ணுக்கே தெரியும்படி.

“வடிவாயிருக்கு,” என்றான் சோமசேகரம், யன்னலால் எட்டிப் பார்த்து.

“உது இருக்கக் கூடாது.” அவள் கையுறையோடு அப்படியே நின்றாள். “இரண்டாம் நிலை கடல்தண்ணியிலை நிமிசக் கணக்கிலைதான் நிக்கும். உது அள்ளி மூண்டு மாசம். எண்டால் புதுசா எங்கேயோ இருந்து இரும்பு வந்து விழுந்திருக்கு. என்ரை வீட்டிலை இருந்துதான் வந்திருக்கும்.”

சைக்கிள் நின்றுவிட்டது. அந்த நிமிடத்தில்தான் அவனுக்கு ஆணி ஞாபகம் வந்தது.

[இந்த இடத்தில் அவன் சொல்லியிருக்க வேண்டும். எல்லாப் பிரதியிலும் சொல்ல வைத்துப் பார்த்தேன். ஐந்தாம் பிரதியில் மிக அழகாகச் சொன்னான். ஆனால் நடந்தது அதுவல்ல.]

அவன் சொல்லவில்லை. அவள் கூடாரத்தைப் பிரித்துக் கழுவினாள், பாத்திரங்களை அமிலத்தில் ஊறவைத்தாள், கிணற்றுக் கப்பியைச் சந்தேகப்பட்டாள், தகப்பனைச் சந்தேகப்பட்டாள், தன்னுடைய தாலிக்கொடியாகப் போகும் பொன் எங்கோ பெட்டிக்குள் இருந்ததையும் சந்தேகப்பட்டாள். இரண்டாம் நாள் இரண்டாம் பங்கை எடுத்தாள். மறுபடி ஊதா. அவன் உழக்கிக்கொண்டேயிருந்தான்.

இரண்டு நாள். கதை உண்மையில் இந்த இரண்டு நாளைப் பற்றியதுதான். பிழையான எண்ணைக் குணலட்சுமி அனுப்பினால் கப்பல் இல்லை. கப்பல் இல்லையென்றால் ஆவணியில் கல்யாணம். அவன் ஒன்றும் செய்யத் தேவையில்லை, சைக்கிளை உழக்கினால் போதும். அவன் இப்படி யோசித்தானா? நான் அவனுடைய தோளுக்குப் பின்னால்தான் நிற்கிறேன், என்றாலும் தெரியவில்லை. பயந்தவன் பேசாமல் இருப்பதும் கள்ளன் பேசாமல் இருப்பதும் பின்னால் நின்று பார்த்தால் ஒரேமாதிரித்தான் இருக்கிறது.

மூன்றாம் நாள் காலையில் அவன் வந்தபோது கூடாரம் அவிழ்த்து மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவள் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள்.

“விலகுறன் எண்டு எழுதுறன். எனக்கு உதைச் செய்யிற கை இல்லை. பிழை என்ரை கையிலைதான்.”

அவள் அழவில்லை. நல்லவேளை. அழுதிருந்தால் அவன் ஆறுதல் சொல்லித் தப்பியிருப்பான். அவள் தன் கைகளை மேசையில் விரித்து வைத்து, அவை வேறொருவருடைய கைகள் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை அவனால் தாங்க முடியவில்லை.

“இஞ்சரும். மீனோடை ஒரு ஆணி வந்தது.”

7

அவள் நிமிர்ந்தாள்.

“என்ன ஆணி?”

அவன் சொன்னான். நாட்காட்டி, படகு, மூடி, எல்லாம். இரண்டு நாள் பேசாமல் இருந்ததையும் சொன்னான். முற்றத்தில் அருளம்பலம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

“நான் ரெண்டு கோடு போட்டெல்லே எழுதினனான்.”

“ஓம். மூண்டு தரம் வாசிச்சனான்.”

“பிறகேன் வைச்சனீர்?”

“அது பேய்க்கு வைச்ச இரும்பு. உது உம்மடை படிப்பிலை வாற இரும்பு. ரெண்டும் ஒண்டெண்டு எனக்கு அப்ப படேல்லை.”

அவள் எழுதிக்கொண்டிருந்த கடிதத்தை ஒரு பக்கம் தள்ளினாள். பிறகு அவள் கேட்டாள்:

“ஒரு கரித்துண்டை வைச்சிருக்கலாமே?”

“மாமி வீட்டிலை காஸ் அடுப்பு.”

முதலில் சிரித்தது அருளம்பலம். பிறகு அவள். சிரித்துச் சிரித்து மேசையில் தலையை வைத்துவிட்டாள். சோமசேகரத்துக்குச் சிரிக்க உரிமை இருப்பதாகப் படவில்லை. ஆனாலும் சிரித்தான்.

[இதை ஒரு மன்னிப்புக் காட்சி என்று நினைக்காதீர்கள். அவள் சிரித்து முடித்ததும் சொன்னது: “ரெண்டு பங்கு போச்சு. உம்மடை திறக்காத வாயாலை.”]

பிறகு அவள் விலகல் கடிதத்தைக் கிழித்தாள். மடித்த கூடாரத்தை மறுபடி விரித்தாள். தன்னிடமிருந்த மிகச் சுத்தமான தண்ணீரில் ஆறு போத்தல் நிரப்பி வரிசையாக வைத்தாள்.

“ஆணி எங்கை?”

“சைக்கிள் பையிலை கிடக்கு.”

“எடும். கிளாலியிலை என்ன செய்தனீரோ, அதை அப்பிடியே செய்யும். ஒண்டும் கூட்டவேண்டாம், ஒண்டும் குறைக்கவேண்டாம்.”

அவன் ஆணியை எடுத்தான், வைத்தான், மூடியை ஒரு சுற்றுக் கழற்றினான், இறுக்கினான். ஆறு முறை. சிலதில் உப்புத்தண்ணீரில் கை நனைத்து, சிலதில் மீன் எண்ணெய் பூசி. ஒவ்வொன்றாக அவள் மருந்து விட்டாள். அருளம்பலம் சைக்கிளில் ஏறி உழக்கினார். அவர் மருமகனைவிடச் சீராக உழக்குகிறார் என்று அவள் சொன்னதை இங்கே பதிவுசெய்கிறேன். ஆறில் ஐந்தில் ஊதா வந்தது; உள்ளே விழுந்த ஆணித் துகள் கரையக் கரைய இரண்டாம் நிலை இரும்பு புதிதாக வந்துகொண்டேயிருக்குமாம். ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் அளவு. ஆகவே கடைசிப் பங்கை அளந்தாலும், அதில் ஆணியின் பங்கைக் கழித்துவிட்டுக் கடலின் பங்கைச் சொல்லவே முடியாது என்பது நிச்சயமாயிற்று.

“மற்ற ஆக்கள் எவ்வளவு எழுதுவினம் எண்டு உமக்குத் தெரியுந்தானே?” என்று சோமசேகரம் மெதுவாகக் கேட்டான். “அதையே எழுதிவிடுமன். ஆருக்குத் தெரியப்போகுது?”

அவள் அவனை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வையை வர்ணிக்க மூன்று பந்தி எழுதி வெட்டிவிட்டேன். அவன் திரும்பி ஆறு போத்தல்களையும் கழுவத் தொடங்கினான் என்பது போதும்.

அறிக்கைப் படிவத்தில் எண்களுக்கு மூன்று கட்டம் இருந்தது. கடைசிப் பங்கையும் அளந்து, மூன்றிலும் அவள் தான் கண்டதை எழுதி, கடலின் எண்ணாக எடுக்க வேண்டாம் என்று பக்கத்தில் குறித்தாள். ஆறு போத்தல்களின் விபரத்தையும் இணைத்தாள். படிவத்தின் அடியில் ‘மாதிரி வந்த வழி’ என்று ஒரு வரி மட்டும் இடம் விட்டிருந்தது. அதை அவனிடம் தள்ளினாள்.

“உதை நீர் எழுதும். நீர்தானே கொண்டுவந்தனீர்.”

சோமசேகரம் நாலு பக்கம் எழுதினான். பேய், அறக்குளா, காஸ் அடுப்பு, மௌனமாக இருந்த இரண்டு நாள், எல்லாவற்றையும். அவள் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தாள். நான் எழுதிய முதற் கதை அதுதான். நீங்கள் இப்போது வாசிப்பது அதன் ஒன்பதாம் பிரதி.

8

சித்திரையில் சமாதானம் முறிந்தது. அதைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள், நான் கடந்துபோகிறேன். தபால் செஞ்சிலுவைக் கப்பலில் வந்தால் வந்தது. ஆடி மாத நடுவில் ஒரு பின்னேரம், தொண்டைமானாற்றிலிருந்து புத்தூர்வரை சோமசேகரம் ஒரு கடிதத்தைக் கொண்டு உழக்கினான். உறை ஒட்டியபடியே இருந்தது. தபாற்கந்தோர்க்காரனுக்கும் ஒரு மானம் உண்டு.

நாற்பது போத்தல்களின் எண்களும் அட்டவணையாக வந்திருந்தன. பதினேழுக்கு நேரே ஒரு கோடு மட்டும். அடியில் கையால் எழுதிய குறிப்பு: எண்கள் நன்றாக வந்தவர்கள் பலர் இருக்கிறார்கள், ஆனால் கெட்டது எங்கே கெட்டது என்று ஆறு போத்தல் வைத்துத் தேடியவர் ஒருவர்தான். கப்பலில் எல்லாமே இரும்பு, ஆகவே தேடுகிற ஆள்தான் அவர்களுக்கு வேண்டும். கார்த்திகையில் வர முடியுமா?

அவள் இரண்டு முறை வாசித்தாள். மடித்தாள். ஆவணிக்கு இரண்டு கிழமை இருந்தது. முற்றத்தில் அவர்கள் இருவர் மட்டும்.

அவள் அவனைப் பார்த்துக் கேட்டாள்: “நான் போகவோ?”

அவன் ஒரு பதில் சொன்னான்.

அந்தப் பதிலை எட்டு விதமாக எழுதியிருக்கிறேன். ஒன்றில் அவன் உடனே “போம்” என்கிறான். ஒன்றில் “போட்டு வாரும், நான் நிக்கிறன்” என்கிறான். ஒன்றில் பேசாமல் தலையை ஆட்டுகிறான். அது உருக்கமாக இருந்தது, எனக்கே கண்கலங்கிற்று. எட்டையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது, எட்டிலும் சோமசேகரம் நல்லவனாகவே தெரிகிறான். இரண்டு நாள் வாய் திறக்காதவன் திடீரென்று அவ்வளவு நல்லவனாக முடியுமா என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை.

ஆகவே அந்த இடத்தை வெறுமையாக விட்டேன்:

“நான் போகவோ?”

“                    ”

9

இந்த இடத்தோடு நிறுத்தி, பிரதியைக் குணலட்சுமியிடம் கொடுத்தேன். தபாலில் அனுப்பினேனா, அடுத்த அறைக்கு எழும்பிப் போய்க் கொடுத்தேனா என்று கேட்பீர்கள். அதைச் சொன்னால் முடிவைச் சொன்னதாகிவிடும்.

திரும்பி வந்தது. எட்டுப் பகுதிகளிலும் ஒரு குறியும் இல்லை, இரசாயனத்தில்கூடப் பிழை பிடிக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும், நான் விட்ட வெறுமைக்குப் பக்கத்தில், சிறிய எழுத்தில் இப்படி இருந்தது:

‘நான் உம்மட்டைக் கேக்கேல்லை. “போறன்” எண்டு சொன்னனான். நீர் சைக்கிளுக்குக் காத்தடிச்சுக்கொண்டு நிண்டனீர்.’

எனக்கு அவள் கேட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. குரல்கூட ஞாபகம் இருக்கிறது. சைக்கிளுக்குக் காற்றடித்தது ஞாபகம் இல்லை. ஆனால் புத்தூர் ஒழுங்கையில் அந்த நாட்களில் சில்லில் முள் ஏறாமல் ஒருவரும் வந்து சேர்ந்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இரண்டையும் அழிக்காமல் விட்டிருக்கிறேன். அவள் கேட்டதாக நான் எழுதியது ஒன்று, கேட்கவில்லை என்று அவள் எழுதியது ஒன்று. கல்யாணம் நடந்ததா, கப்பல் ஏறினாளா, இரண்டுமா என்பதெல்லாம் இந்த இரண்டில் எதை நீங்கள் நம்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால்

[என்னை ஒருவரும் கேட்கவில்லை.]